தலைக்கு ஓர் அடுப்பு

யுத்த காலத்தில் திருவனந்தபுரத்தில் தட்டுப்பாடு இல்லாமல் கிடைத்த சாமான் பிரசங்கம் ஒன்றுதான். பர்மா அரிசி நின்றுவிட்டது. மண்ணெண்ணெய்க்குச் சாலைக் கடைத்தெருவில் ஜனங்கள் பாட்டிலும் கையுமாக நின்றார்கள். விறகு வண்டிக்காரன் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் கண்டு மனம் பொறுக்காமல், கோட்டைக்குள் இருந்த சில பெரிய மனிதர்கள் கூடி விரய நிவாரண சபையை ஏற்படுத்தினார்கள்.

சபைக்குத் தலைவர் நாகேஸ்வரய்யர். பெரிய உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். ஆரம்பக் கூட்டத்தில் அவர் பேசியது இது:

"மகாஜனங்களே, தேவைக்கு மேற்பட்டது எதுவோ அது விரயம். அதை ஒழிக்க வேண்டுமானால் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க இன்ஸ்பெக்டர்கள் வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க சூப்பர்வைசர்கள் வேண்டும். இவ்வளவு பேரும் உட்கார இடம் வேண்டும். சிக்கனம் என்பது செலவில்லாமல் வருகிற சங்கதி என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டுவதில் தேக சக்தி விரயமாகிறது என்று தலைவர் எடுத்துக் காட்டினார். அதற்கும் கை தட்டினார்கள்.

சபை தன் ஆபீசிலிருந்தே வேலையைத் தொடங்கிற்று. குண்டூசி வாங்கக் கூடாது, நாரத்தை முள் போதும் என்று தீர்மானமாயிற்று. முள் பறிக்க ஒரு பியூனை வைத்தார்கள். அவன் விரலில் குத்தியதற்கு மருந்து வாங்கிவர இன்னொரு பியூன். காகிதத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுதுவது விரயம் என்று கண்டு, சர்க்கார் ஆபீசுகளிலிருந்து பழைய உத்தரவுகளை மூட்டையாக வாங்கி வந்து, அவற்றின் முதுகில் புது உத்தரவுகளை எழுதினார்கள். சிக்கனமாக இருக்கச் சொல்லும் நோட்டீசுகளைப் பழவங்காடியிலிருந்து சாலை முடியும் வரை சுவர் தெரியாமல் ஒட்டினார்கள். பசை காய்ச்ச மரச்சீனிக் கிழங்கு மாவு மூட்டை மூட்டையாகப் போயிற்று. அந்த வாரம் மரச்சீனிக்கும் தட்டுப்பாடு வந்தது. ஜனங்கள் விரயம் செய்வதற்கு இதுவே சாட்சி என்று சபை இன்னொரு நோட்டீசு ஒட்டியது.

சாலைப் பகுதிக்கு இன்ஸ்பெக்டராக வந்தவர் அழகியநம்பி. திருநெல்வேலிக்காரர். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு இங்கே ஒரு ஹோட்டல் மாடியில் தங்கியிருந்தார். அவர் தட்டிய கதவுகளில் ஒன்று சரஸ்வதியம்மாளுடையது.

சரஸ்வதியம்மாள் நாஞ்சில்நாட்டுக்காரி. புருஷன் சாலையில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதியவர்; போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. வீட்டுக்கு ஒரு பக்கம் கயிற்றுக்கடையின் பின்சுவர். மறுபக்கம் முன்பு ஒரு குடும்பம் இருந்தது. இப்போது அது மிளகாய்வற்றல் கிடங்கு. மூட்டை தூக்குகிறவர்கள் தும்முவது மட்டும் கேட்கும். அவள் சுவரைப் பார்த்து, "நூறாயுசு" என்பாள். அன்றைய பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அந்த வீட்டுக் கதவை யாரோ தட்டினால் அவள் என்னென்று நினைப்பாள்?

"வீடு மாறி வந்துட்டீங்களோ?" என்று கேட்டுக்கொண்டே திறந்தாள்.

"இல்லை. விரய நிவாரண சபை. வீட்டைச் சோதனை பண்ணணும்."

"பண்ணுங்கோ. இருந்து பைய பண்ணுங்கோ. மோரு எடுக்கட்டா?"

"மோர் வாங்கிச் சாப்பிடக் கூடாது. சபை விதி."

"தண்ணி?"

"எவ்வளவு?"

"ஒரு செம்பு."

"அரைச் செம்பு கொடுங்க."

குடித்துவிட்டு அவர் அடுப்பங்கரைக்கு வந்தார். பென்சிலை எடுத்தார்.

"அரிசி களைஞ்ச தண்ணியை என்ன செய்வீங்க?"

"பாத்திரம் கழுவுவேன். கழுவின தண்ணி முருங்கைக்கு."

"தேங்காய்?"

"துருவினா சிரட்டை அடுப்புக்கு. கதம்பை நாரு பாத்திரம் தேய்க்க. உள்ளே கிடக்க தண்ணி எனக்கு."

"எரிஞ்சு மிஞ்சின கொள்ளி?"

"தண்ணி தெளிச்சுக் கரியாக்கி வச்சுக்கிடுவேன். மழைக்காலத்துக்கு ஆகும்."

"சாம்பல்?"

"பல்லு தேய்க்க, பாத்திரம் தேய்க்க, பாக்கி கீரைப் பாத்திக்கு."

"பழைய புடவை?"

"கரித்துணி. கரித்துணியும் கிழிஞ்சா திரி."

"விளக்கு?"

"அந்திக்குச் சாமிக்கு ஒண்ணு வைப்பேன். அது எரியற வரைக்கும் அதுக்கு முன்னாலே இருப்பேன். அணைஞ்சா படுப்பேன்."

அழகியநம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ வீடு பார்த்திருக்கிறார். இப்படி ஒன்று கண்டதில்லை. "அம்மா, சபை அச்சடிச்ச புஸ்தகத்திலே என்னவெல்லாம் சொல்லியிருக்கோ அதுக்கு மேலேயே இங்கே நடக்குது. தலைவர்கிட்டே சொல்லி உங்களுக்கு சர்ட்டிபிகேட் வாங்கித் தாரேன். வீட்டிலே எத்தனை பேரு?"

"நான் ஒருத்தி."

பென்சில் நின்றது.

"ஒருத்தியா?"

"ஒருத்தியாக்கும்."

"ஒரு தலைக்கு ஓர் அடுப்பா?"

"ஒருத்திக்கு எதுக்கு ரெண்டடுப்பு?"

"அது இல்லேம்மா. நாலு வீடு தள்ளி ஒரு குடும்பம் இருக்கு. பதினோரு பேர். தண்ணியைக் கொட்டுறாங்க, கொள்ளியை அணைக்கிறதே இல்லை, சோறு மிஞ்சி எருமைக்குப் போகுது. ஆனா ஓர் அடுப்பைப் பதினொண்ணாலே வகுத்துப் பாத்தா விரயமே தெரியலை. உங்க அடுப்பை ஒண்ணாலே வகுத்தா அப்படியே முழுசா நிக்குது. இந்த சாலையிலேயே அதிக விரயம் உங்க வீடுதான்."

"இனி நான் என்னத்தைக் குறைக்கணும்?"

"குறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை. நீங்க ஒருத்தியா இருக்கிறதுதான் விரயம்."

சரஸ்வதியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் அப்படித்தான் தோணிக்கிட்டு இருந்துது," என்றாள்.

அவர் புறப்பட்டார். அவள் கதவுவரை வந்தாள்.

"நாளைக்கும் வருவீங்களா?"

"விரயம் இருந்தால்தான் மறுசோதனை."

மறுநாள் சபைக்கு ஆள் மூலம் தகவல் போயிற்று. சரஸ்வதியம்மாள் வீட்டில் விரயம் நடக்கிறது, உடனே வரவேண்டும் என்று. அழகியநம்பி வெயிலில் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். உச்சிப்பொழுதில் கூடத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்ப இருந்து எரியுது?"

"ஆள் விட்டனே, அப்போதிருந்து. இருங்கோ. அரைச் செம்பு தண்ணி கொண்டு வருகேன்."

அவர் விளக்கை அணைத்தார். தண்ணீரைக் குடித்தார். அவள் ஊரெல்லாம் விசாரித்தாள். அவர் மூத்த பெண்ணுக்குக் காது குத்தியாயிற்றா என்பது வரை கேட்டாள். அவர் எழுதிய ரிப்போர்ட்டில், 'தனித்தலை அடுப்பு நாளுக்கு நாள் மோசமாகிறது' என்று மட்டும் கண்டிருந்தது.

தனித்தலை அடுப்புகளைப் பற்றி சபை கூடி ஆலோசித்தது. ஊரில் ஒற்றையாக இருக்கிறவர்களுக்கெல்லாம் ஒரே அடுப்பு வைத்துவிட்டால் விறகு மலைபோல் மிஞ்சும் என்றார் தலைவர். பிரமாதமான யோசனை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். யார் சமைத்து யார் சாப்பிடுவது என்று ஓர் அங்கத்தினர் கேட்டார். அதை உடனே தீர்த்துவிடலாம் என்று தொடங்கினார்கள். இன்னார் சமைத்தால் இன்னார் தொடமாட்டார்கள், தொட்டாலும் அதே பந்தியில் உட்காரமாட்டார்கள், உட்கார்ந்தாலும் வெங்காயம் கூடாது, வெங்காயம் இல்லாவிட்டால் இன்னொருவருக்கு இறங்காது என்று பிரித்துக்கொண்டே போனதில், ஒரே அடுப்புக்கு இப்போது ஊரில் இருப்பதைவிட அதிகம் அடுப்புகள் தேவைப்படும் என்று தெரிந்தது. கடைசியில், ஒரே ஜாதி, ஒரே ஊர், ஒரே உப்புப்புளியாகப் பார்த்து இரண்டிரண்டு பேராகச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. இதற்கு 'அடுப்பு இணைப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

உத்தரவை அழகியநம்பியே கொண்டுவந்தார். சரஸ்வதியம்மாள் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"எந்தப் பக்கத்தை வாசிக்கணும்?"

"இந்தப் பக்கம்தான் உங்களுக்கு."

"அப்போ அந்தப் பக்கம்?"

"அது பழைய உத்தரவு. வெறிநாய்க்கு."

"நாய்க்கு ஆரு வாசிச்சுக் காட்டினா?"

அழகியநம்பி அதைக் கவனிக்காதவர்போல் விஷயத்தைச் சொன்னார். ஆட்டக்குளங்கரையில் பொன்னம்மை என்று ஒரு விதவை. இவளைவிட இளையவள், அவளும் ஒற்றைதான். நாளை முதல் அவள் இங்கே வந்து இவளோடு சேர்ந்து பொங்கிச் சாப்பிட்டுவிட்டு இரவு படுக்கத் தன் வீட்டுக்குப் போவாள். அவள் அடுப்பை சபை மண்வைத்துப் பூசி, மேலே நாரத்தை முள் குத்தி சீல் வைத்தாகிவிட்டது.

பொன்னம்மை தன் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முகம் சட்டிக்கரியாக இருந்தது. பானையை இறக்கவில்லை.

"நீங்கதானா அது?"

"நான்தான்."

"நீங்க எழுதிப் போட்டதினாலேதானே என் அடுப்பிலே மண்ணைப் போட்டான்?"

"நான் ஆருக்கு எழுதப் போறேன். எனக்கும் நோட்டீசு வந்துது, நாயோட சேர்த்து."

முதல் நாள் தேங்காய் வறுத்தரைத்துத் தீயல் குழம்பு வைத்தார்கள். பொன்னம்மை எட்டிப் பார்த்தாள்.

"தேங்காயை இப்படி வெள்ளையா எடுத்தா அது தீயலா? ஆசுபத்திரிக் கஞ்சியாக்கும்."

"நீ கறுக்க வறுத்து வறுத்து விறகைத் தீத்திருக்கே. பின்னே சீல் வைக்காம என்ன செய்வான்."

"உப்பும் இல்லை."

"நாக்குக்கு வேணும்னா போட்டுக்கிடு. ஆரும் கையைப் பிடிக்கலை."

முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அப்போது கிடங்கிலிருந்து ஒரு பலத்த தும்மல் கேட்டது. சரஸ்வதியம்மாள் வாயில் சோற்றோடு, "நூறாயுசு" என்றாள்.

பொன்னம்மை திரும்பினாள். "ஆருகிட்டே சொல்லுகியோ?"

"சுவருகிட்டே."

"பதில் சொல்லுமா?"

"இது வரைக்கும் இல்லை."

பொன்னம்மை தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என் வீட்டிலே பல்லி உண்டு. நான் ஏதாவது கேட்டா அது உச்சுக்கொட்டும். சுவருக்குப் பல்லி பரவாயில்லை, அக்கா."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றால், பேச்சுதான் நடந்தது. எத்தனையோ வருஷமாக மூடிக் கிடந்த மடையை இரண்டு பக்கமிருந்தும் திறந்துவிட்ட மாதிரி. பூதப்பாண்டித் தேர் எந்த வருஷம் சரிந்தது, யார் வீட்டுச் சம்பந்தம் யாரால் முறிந்தது, மாப்பிள்ளை வீட்டார் பாயசத்தில் சுக்கு போதாது என்று எழுந்து போனது, புருஷன்மார் சாகும்போது கடைசியாகக் கேட்டது என்ன, கொடுத்தது என்ன. ஒருத்தி சொல்லி முடிப்பதற்குள் மற்றவள், "அதைக் கேளுங்கோ" என்பாள். நடுவில் கஞ்சி பொங்கி வழியும். வறுத்த தேங்காய் கரிந்து புகையும். "போட்டும் சவம், வேற துருவுவோம்" என்பாள் சரஸ்வதியம்மாள். சிரட்டையைக்கூட எண்ணி எரித்த சரஸ்வதியம்மாள்.

மாதம் முடிந்து அழகியநம்பி நிறுத்துப் பார்த்தார். இரண்டு பேரும் தனித்தனியாகச் செலவழித்த விறகைக் கூட்டினால் வருவதைவிட, சேர்ந்து செலவழித்தது அதிகம். எண்ணெயும் அப்படியே. சபையின் கணிதத்தில் இப்படி நடக்க இடமே இல்லை. தராசைச் சோதித்தார், தராசில் கோளாறு இல்லை. ஒரு நாள் முழுவதும் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து கவனித்தார். சாயங்காலம் எழுந்து, ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது என்றார்.

"எங்கண?" என்று சரஸ்வதியம்மாள் பானையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பானையிலே இல்லேம்மா. பேச்சிலே."

பொன்னம்மைக்குப் பயம் வந்தது. "அக்கா, இவங்க நம்மைப் பிரிச்சுப் போடுவாங்களோ?"

"எதுக்குப் பிரிக்கான்? குறைச்சுக் காட்டினாப் போச்சு." சரஸ்வதியம்மாள் அன்றே விளக்கை அணைத்தாள். இருட்டில் பேசினார்கள். எண்ணெய் குறைந்தது. ஒருத்தி பேசும்போது மற்றவள் அடுப்பைக் கவனிப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். விறகும் குறைந்தது. அழகியநம்பி நிறுத்துப் பார்த்துவிட்டு உள்ளூர சந்தோஷப்பட்டார். சபை திருப்திப்படவில்லை. அங்கே ஒரு டாக்டர் அங்கத்தினர் இருந்தார். பேசினால் தொண்டை உலரும், உலர்ந்தால் நீர் செலவாகும், பேச்சில் சிரிப்பும் சேர்ந்தால் குடல் அசையும், அசைந்தால் பசிக்கும், பசித்தால் அரிசி. ஆகவே விளக்கை அணைத்துவிட்டுப் பேசுவது ஊரை ஏமாற்றுகிற காரியம் என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

மௌன போஜனம் என்று உத்தரவு வந்தது. அதை நிறைவேற்ற இன்ஸ்பெக்டரே இருவருக்கும் நடுவில் உட்கார வேண்டும்.

அழகியநம்பி நடுவில் உட்கார்ந்தார்.

"இன்ஸ்பெக்டர் பிள்ளைவாள்," என்றாள் சரஸ்வதியம்மாள், "உங்ககிட்டே பேசலாமா?"

"என்கிட்டே பேசலாம். உத்தரவிலே தடை இல்லை."

"அப்போ உங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கவகிட்டே சொல்லுங்கோ. கீரையிலே இன்னைக்கு உப்பு சரியா இருக்கு."

அழகியநம்பி பொன்னம்மை பக்கம் திரும்பினார். "கீரையிலே உப்பு சரியா இருக்காம்."

"நேத்து மட்டும் என்ன குறைச்சல்னு கேளுங்கோ," என்றாள் பொன்னம்மை.

"நேத்து என்ன குறைச்சல்னு கேக்காங்க."

"நேத்து போட்டதே நான்தான்னு சொல்லுங்கோ."

நாலு நாளில் அழகியநம்பிக்குப் பூதப்பாண்டித் தேரிலிருந்து பாயசச் சுக்கு வரை எல்லாம் மனப்பாடம். ஐந்தாம் நாள் அவருக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். சபை விதி என்று சொல்ல வாயெடுத்தார். தீயல் வாசனை வந்தது. வாயை வேறு காரியத்துக்கு உபயோகித்தார். ஹோட்டலில் அவரோடு பேசுகிறவன் பில் கொண்டுவருகிறவன் ஒருவன்தான்.

ஆனால் ரிப்போர்ட் எழுதத்தானே வேண்டும். மூன்று தலை, ஓர் அடுப்பு, விரயம் மிகக் குறைவு என்று எழுதினார். சபை அதை வாசித்துவிட்டு, மூன்றாவது தலை யாருடையது என்று கேட்டது. நேர்மையான மனிதர், சொல்லிவிட்டார்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். நாகேஸ்வரய்யர் எழுந்தார்.

"கனவான்களே, இந்தப் பேச்சு என்கிற வியாதி இன்ஸ்பெக்டரையே தொற்றிவிட்டது. சேர்த்து வைத்ததில் தப்பில்லை. பேசத் தெரிந்தவர்களைச் சேர்த்து வைத்ததுதான் தப்பு. என் சொந்தக் கிருகத்தையே உதாரணமாகச் சொல்கிறேன். எனக்கும் என் பாரியாளுக்கும் விவாகமானதிலிருந்து இன்றுவரை சாப்பாட்டு வேளையில் ஒரு வார்த்தை இருந்ததில்லை. மற்ற வேளையிலும் அநேகமாக இல்லை. ஜாடை போதும். மோர் வேண்டுமானால் நான் இலையைத் தட்டுவேன்; போதுமானால் கையைக் காட்டுவேன். இதனால் எங்கள் வீட்டில் எவ்வளவு எண்ணெய் மிச்சமாகியிருக்கும் என்று கணக்குப் பாருங்கள். அவளுக்கு ஏதாவது குறை உண்டா? இருந்தால் சொல்லியிருப்பாள்."

சபை அசந்துபோயிற்று. கை தட்டாமல், தலையை மட்டும் ஆட்டித் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள்.

தீர்மானம் இரண்டு பாகம். பொன்னம்மையை மணக்காட்டில் ஒரு கிழவியோடு இணைப்பது. அந்த அம்மாளுக்குப் பிறவியிலிருந்தே காது கேளாது, வாயும் வராது. சரஸ்வதியம்மாளுக்கோ அடுப்பையே எடுத்துவிடுவது. சபையின் சமையற்கட்டிலிருந்து காலையும் மாலையும் தூக்குப்பாத்திரத்தில் சோறு வரும். வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். கழுவி வாசலில் வைத்தால் எடுத்துக்கொண்டு போவார்கள். கதவைத் தட்டவேண்டிய அவசியம்கூட இல்லை. இரண்டு பெண்களும் சேர்ந்திருக்கக் கண்டால், ரேஷன் கார்டை நிறுத்தும்படி சபை சர்க்காருக்கு எழுதும். அழகியநம்பியைத் தெருவிலிருந்து எடுத்து ஆபீசுக்குள் முள் எண்ணுகிற செக்ஷனில் போட்டார்கள்.

பொன்னம்மை பானையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வருகேன், அக்கா."

"எங்கண வரப் போறே," என்றாள் சரஸ்வதியம்மாள். "போ. நேரத்தோட போய்ச் சேரு."

பிறகு கொஞ்ச காலத்துக்குச் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் தரையை மெழுகிவிட்டார்கள். வாசலில் தூக்குப்பாத்திரம் 'டங்' என்று கேட்கும். அவள் ஓடிவந்து கதவைத் திறப்பாள். வைத்தவன் முதுகு தெருமுனையில் திரும்பும். சோற்றில் உப்பு அதிகமா, குறைவா என்று யாரிடம் சொல்வது? கிடங்கில் தும்மினார்கள். அவள் நூறாயுசு சொல்வதையும் விட்டுவிட்டாள். சுவருக்குப் பதில் சொல்லத் தெரியாது என்பது முன்னே ஒரு பெரிய குறையாகத் தோன்றியதில்லை, இப்போது தோன்றிற்று.

சபையின் ஆண்டுவிழா வந்தது. ஒரு பள்ளிக்கூடத்து ஹாலைப் பிடித்து, வரிசை வரிசையாக மின்சார விளக்கும், மேலே விசிறியும், மேடையில் ஒலிபெருக்கியும் வைத்திருந்தார்கள். ரோஜாமாலைகள் இரண்டு கூடை. அந்த வருஷத்தின் முதல்தரச் சிக்கனக் குடும்பம் சரஸ்வதியம்மாள். அவளைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து மேடையில் உட்கார வைத்தார்கள்.

தலைவர் பேசினார்: "இந்த அம்மாளின் கிருகத்தை நான் போய்ப் பார்த்தேன். அடுப்பு இல்லை. புகை இல்லை. எச்சில் இலை இல்லை. விளக்கு இல்லை. சத்தம் இல்லை. அங்கே ஒரு மனுஷி குடியிருக்கிறாள் என்பதற்கே அடையாளம் இல்லை. மகாஜனங்களே, இதுதான் நம்முடைய லட்சியம். இந்த ஊரில் ஒவ்வொரு வீடும் இந்த வீட்டைப்போல் ஆகிற வரை சபை ஓயாது." பிறகு சபை எப்படி ஓயாது என்பதை விஸ்தாரமாகச் சொன்னார். வெளியே இருட்டிவிட்டது. கடைசியில், "அம்மாள் இரண்டு வார்த்தை சொல்வார்," என்று உட்கார்ந்தார்.

சரஸ்வதியம்மாளை ஒலிபெருக்கிக்கு முன் நிறுத்தினார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று ஆபீசில் சொல்லிக் கொடுத்தது ஒன்றும் நினைவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். கடைசிப் பெஞ்சில், சபை கூட்டிவந்து வைத்திருந்த இணைப்புக்காரர்கள் நடுவில், மணக்காட்டுக் கிழவிக்குப் பக்கத்தில் பொன்னம்மை இருந்தாள்.

"ஏட்டி பொன்னம்மை," என்றது ஒலிபெருக்கி, ஹால் முழுதும் அதிர. "மெலிஞ்சு போனியே."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பொன்னம்மை எழுந்தாள். "நீங்களுந்தான், அக்கா."

"அந்தம்மா எப்படி?"

"தங்கமாக்கும். என்ன சொன்னாலும் சிரிப்பாங்க. எங்கம்மை செத்ததைச் சொன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க."

"நீ என்ன செய்தே?"

"என்ன செய்ய. நானும் சிரிச்சேன்."

"திங்கதுக்கு?"

"சக்கைப்பழந்தான். பின்னாலே பிலாமரம் நிக்குது. பழம் தீந்தா கொட்டையைச் சுடுவேன். நேத்து கொட்டையையும் மாங்காயையும் போட்டு ஒரு கூட்டான் வச்சேன். நல்லாத்தான் வந்துது. சொல்லத்தான் ஆளில்லை."

"அம்மா," என்றார் நாகேஸ்வரய்யர், "இரண்டு வார்த்தை ஆகிவிட்டது."

"இன்னும் ரெண்டு," என்றாள் சரஸ்வதியம்மாள், அவரைத் திரும்பிப் பாராமலே. "மாங்காய் புளிப்பா, செங்காயா?"

"செங்காய்."

"அம்மா, உட்காருங்கள். ரேஷன் கார்டு ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கட்டும். அரிசியை நிறுத்தினா மரச்சீனி திம்போம். ஏட்டி, கொட்டைக்கு மேல்தோலு எடுத்தியா?"

நாகேஸ்வரய்யர் ஓர் அனுபவஸ்தர். மேடைக்கும் கடைசிப் பெஞ்சுக்கும் நடுவே முகம் தெரியாவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார். "விளக்கை அணையுங்கோ," என்று உத்தரவிட்டார்.

ஹாலின் மூலையில் முள் செக்ஷன் அழகியநம்பி நின்றிருந்தார். மெயின் சுவிட்சு அவர் கைக்கு எட்டிற்று. இழுத்தார். விளக்கு போயிற்று, விசிறி நின்றது, ஒலிபெருக்கி செத்தது.

"எங்கண இருக்கே?" என்று சரஸ்வதியம்மாளின் குரல், வெறும் குரல், மேடையிலிருந்து இறங்கிற்று.

"இங்கணதான். படி பார்த்து இறங்குங்கோ, அக்கா. நான் பேசிக்கிட்டே இருக்கேன், சத்தத்தைப் பிடிச்சு வாங்கோ. மேல்தோலு எடுத்தேன். உள்தோலை எடுக்கலை. அது கிடந்தா ஒரு ருசியாக்கும். இடது பக்கம் பெஞ்சு, இடிச்சுக்கிடாதீங்கோ."

பெஞ்சு இடித்த சத்தம் கேட்டது. பிறகு இரண்டு குரலும் ஓர் இடத்திலிருந்து வந்தன.

"நாளைக்குக் காலம்பற பானையை எடுத்துட்டு வா. கல்லு மூணு எங்கணயாவது கிடைக்கும். அந்தம்மாவையும் கூட்டிட்டு வா."

"பின்னே சபை?"

"வரட்டு. வந்தா ஒரு பிடி கூடப் போடுவோம்."

முன்வரிசையிலிருந்து மூன்றாவது ஒரு குரல் எழுந்தது. மெல்லிய குரல், புழங்காத கதவைத் திறக்கிறதுபோல் முதலில் கொஞ்சம் தடைப்பட்டது.

"ஏன்டீம்மா, உள்தோலோட போட்டா வேகறதுக்கு நாழியாகாதோ?"

"ஆகாது மாமி," என்றாள் பொன்னம்மை. "ரெண்டாக் கீறிப் போடணும்."

"நான் தட்டிப் போடுவேன். சொன்னாத்தானே தெரியறது. எங்காத்துலயும் பின்னாடி ஒரு மரம் இருக்கு. வருஷா வருஷம் காய்ச்சுக் கொட்டறது. எங்கம்மா என்ன பண்ணுவா தெரியுமோ..."

மேடையில் நாகேஸ்வரய்யர் நாற்காலி கிரீச்சிட்டது. "யார் அது பேசறது?"

அழகியநம்பி தடவிக்கொண்டு மேடையருகே வந்திருந்தார். "உங்காத்து மாமி, சார்."

கீழே மாமி தன் அம்மா சக்கைக்கொட்டையை மணலில் புதைத்து வைத்து ஆடி மாசம் எடுப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் சிரித்தாள்.

"விளக்கைப் போடட்டுமா, சார்?" என்று அழகியநம்பி கேட்டார்.

"வேண்டாம்," என்றார் நாகேஸ்வரய்யர், தணிந்த குரலில். "போட்டா நிறுத்திடுவா."